முந்தும் கடிகாரமும் சுருங்கும் மண்ணும்

காலை 8 மணிக்குச் சரியாக வைக்கப்பட்ட ஒரு கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. மறுநாள் பகலில் அது 1 மணி காட்டும்போது உண்மையான நேரம் என்ன? உயர்நிலைப் பள்ளியில் கணிதம் பயின்றவர்களுள் இத்தகைய வினாவைச் சந்திக்காதவர் அரிது. பெரும்பாலான பிள்ளைகள் இதற்குச் செய்வதும் ஒரே வழிதான். காலை 8 மணியிலிருந்து மறுநாள் பகல் 1 மணி வரை 29 மணி நேரம். 24 மணிக்குப் பத்து நிமிஷமானால் 29 மணிக்கு 12 நிமிஷமும் 5 விநாடியும் ஆகும். அதைக் கழித்துவிட்டு 12 மணி 47 நிமிஷம் 55 விநாடி என்று விடை எழுதிவிடுவார்கள். உபாத்தியாயர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 12 மணி 48 நிமிஷம் என்று எழுதுவார். பிள்ளை எடுத்துக்கொண்ட 29 மணி, பிழையான கடிகாரத்தின் முகத்தில் ஓடிய 29 மணியே தவிர, உலகத்தில் கழிந்த 29 மணி அன்று. அக்கடிகாரத்தின் 24 மணி 10 நிமிஷம் உண்மையான 24 மணிக்குச் சமமாதலால், அதன் 29 மணிக்கு உண்மையில் 28 மணி 48 நிமிஷமே கழிந்திருக்கும்.

ஐந்து விநாடி வித்தியாசத்துக்காகக் குழந்தையின் மதிப்பெண்ணைப் பறிப்பதா என்று தகப்பன்மார் குறைப்படுவது நியாயமாகவே தோன்றும். ஆயினும் அந்த ஐந்து விநாடிக்குள் அடங்கியிருக்கும் விஷயம் சிறிதன்று. இக்கணக்கு நம் நாட்டுக்கு எவ்வழியாக வந்தது என்பதையும், பீங்கான் ஊர் என்று பெயர் பெற்ற விருத்தாசலத்தில் இதற்கு என்ன வேலை என்பதையும் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

கடிகாரம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே பொழுதை அளக்கும் தொழில் தமிழ்நாட்டில் இருந்தது. முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியிலேயே நீரைக் கொண்டு காலம் அளந்து அரசனுக்கு அறிவிக்கும் மாந்தர் வருகின்றனர். நாளைச் சமமான அறுபது நாழிகையாகவும் நாழிகையை அறுபது விநாழிகையாகவும் பகுத்த நம் முன்னோர், நாழிகை அளப்பதற்கு அடியில் நுண்ணிய துளையிட்ட செம்புக் கிண்ணம் ஒன்றை அகன்ற பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டனர். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கும் காலம் ஒரு நாழிகை, அதாவது நமது 24 நிமிஷம்; மூழ்கியவுடன் சேகண்டியைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தை மீண்டும் மிதக்கவிட வேண்டும். இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளில் அறுபது முறை மூழ்கத்தக்க செம்புக் கலத்தைச் சூரிய சித்தாந்தமும் கூறுகிறது.

இக்கருவியின் சிறப்பும் குறையும் அந்தத் துளையிலேயே இருக்கின்றன. துளையில் களிம்பு ஏறினால் கிண்ணம் மெதுவாக மூழ்கும். தேய்ந்து அகன்றால் விரைவில் மூழ்கும். இருபத்துநான்கு நிமிஷத்தில் மூழ்க வேண்டிய கிண்ணம் இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டால், ஒரு நாள் முடியும்போது அறுபது முறை அடிக்க வேண்டிய சேகண்டி ஐம்பத்தேழு முறை மட்டும் அடித்திருக்கும். ஐம்பத்தெட்டாவது கிண்ணம் பாதிக்குமேல் நிரம்பிய நிலையில் மறுநாள் சூரியன் உதித்துவிடுவான். சூரியனே தினமும் வந்து பிழையைக் காட்டிக்கொடுத்ததனால் அதைக் கணக்கிட்டுத் திருத்தவேண்டிய அவசியம் நாழிகைக் கணக்கருக்கு நேர்ந்திராது. உதயத்தில் புதிதாகத் தொடங்கிவிட்டால் போதும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியையும் கணக்கதிகாரத்தையும் மனனம் செய்து நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் அளக்கும் கணக்குகளில் தேர்ச்சி பெற்றிருந்தும், அவர்களுடைய கணக்குகளில் முந்தும் கருவியோ பிந்தும் கருவியோ இடம்பெறாததற்கு இதுவே காரணமென்பது என் அபிப்பிராயம். இக்கணக்கைச் செய்வதற்கு வேண்டிய திரைராசிகம், அதாவது தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காணும் முறை, நம்மிடம் ஆரியபடர் காலம் முதலே இருந்தது. அதைச் செலுத்துவதற்கு ஒரு கடிகாரந்தான் இல்லை.

அந்தக் கடிகாரம் இங்கிலீஷ்காரர்களோடு வந்தது. அதன் கணக்கு அவர்களுடைய பள்ளிப் புத்தகங்களோடு வந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் பர்னார்டு ஸ்மித், கோலென்ஸோ முதலியோர் எழுதிய எண்கணித நூல்கள் ஆங்கிலப் பள்ளிகளெங்கும் பரவியிருந்தன. இவர்களுள் கோலென்ஸோவின் கதை சுவையானது. ஹாரோ பள்ளியில் ஆசிரியராயிருந்து 1843-இல் கணித நூல் எழுதிய அவர், பின்னர் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குப் பிஷப்பாகப் போனார். போன இடத்திலும் கணக்குப் பழக்கம் விடாமல், பைபிளின் முற்பகுதியில் சொல்லப்பட்ட ஜனத்தொகையையும் கூடாரங்களையும் பலி ஆடுகளையும் பெருக்கிப் பார்த்து, எண்கள் பொருந்தவில்லை என்று 1862-இல் ஒரு நூலை வெளியிட்டு, மறு ஆண்டே பதவி நீக்கத் தீர்ப்புக்கு ஆளானார். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவ்வளவு சாதுவானவர்கள் அல்லர் என்பதற்கு அவரே சாட்சி.

புத்தகத்தில் இக்கணக்கைப் படித்த பிள்ளைகள் வெளியே வந்து பார்த்தால், சென்னை ராஜதானியே ஒரு பெரிய கடிகாரக் கணக்காக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக் கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் முதலியோர் வியாழ கிரகத்தின் சந்திரன்கள் மறைவதைக் கவனித்துச் சென்னையின் தீர்க்கரேகையை நிர்ணயித்தனர். அதிலிருந்து கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்பட்டது சென்னை நேரம் என்று ஏற்பட்டது. பம்பாயின் நேரம் இதற்கு அரைமணி பிந்தியும் கல்கத்தாவின் நேரம் அரைமணிக்குச் சற்று மேலாக முந்தியும் இருந்தமையால், 1870-ஐ ஒட்டி இந்திய ரயில்வேக்கள் நடுவிலிருந்த சென்னை நேரத்தையே பொது நேரமாக எடுத்துக்கொண்டன. பின்னர் 1906 ஜனவரி 1 முதல் 5½ மணி முன்பட்ட இந்திய நேரம் ஏற்பட்டபோது, சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. இரண்டாம் மகாயுத்தத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில், அதற்கும் மேலாக ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள். விருத்தாசலத்தின் தீர்க்கரேகை சென்னைக்கு ஒரு பாகையிலும் சிறிது குறைவாக மேற்கே இருப்பதால், அவ்வூரின் சொந்த உச்சிப்பொழுது சென்னையினுடையதற்கு ஏறக்குறைய 3¾ நிமிஷம் பின்னால் வரும். இன்றைய இந்திய நேரப்படி அது சராசரியாகப் பகல் 12 மணி 12¾ நிமிஷத்துக்கு நிகழ்கிறது. 1920-களின் பிற்பகுதியில் விழுப்புரம் திருச்சி குறுக்குப் பாதை திறந்தபோது அவ்வூருக்கு வந்த ரயில், இந்திய நேரத்திலேயே ஓடிவந்தது.

ஆயினும் இவை யாவும் எளிய வகையைச் சேர்ந்தவை. ஒன்பது நிமிஷம் என்றால் இன்றும் ஒன்பது நிமிஷம், நூறு ஆண்டு கழித்தும் ஒன்பது நிமிஷம்; கூட்டவோ கழிக்கவோ செய்தால் காரியம் முடிந்தது. நாம் எடுத்துக்கொண்ட வினாவின் கடிகாரமோ ஒவ்வொரு நொடியும் பிழையை வளர்த்துக்கொண்டே போவது. இந்த இரண்டாவது வகைக்கு நம் நாட்டில் மிகப் பெரிய உதாரணம் நாம் ஆண்டுதோறும் சித்திரை முதல் தேதி பூஜையில் வைத்துப் படிக்கும் பஞ்சாங்கமே.

வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி ஓர் ஆண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. பருவங்கள் திரும்பிவருவதற்கு ஆகும் காலமோ 365 நாளும் ஏறக்குறைய 14 நாழிகை 32 விநாழிகையும். வித்தியாசம் ஆண்டுக்கு ஒரு நாழிகைக்கு மிக நெருங்கி நிற்பதால், பிரபவ முதல் அக்ஷய வரை அறுபது ஆண்டு ஒரு சுற்று வருவதற்குள் அறுபது நாழிகை, அதாவது முழுதாக ஒரு நாள், பஞ்சாங்கம் பருவத்துக்குப் பின்தங்கிவிடுகிறது. இப்போது மேஷப் பிறப்பு ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. இடையே இருபத்துநான்கு நாள். அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் பிந்தும் கடிகாரம் இருபத்துநான்கு நாள் பிந்தியிருக்குமானால் அது சரியாக இருந்தது எப்போது என்று கணிதப் புத்தகத்தின் பாணியிலேயே கேட்டால், ஏறக்குறைய 1440 ஆண்டுகளுக்கு முன்பு என்று விடை வரும். அது ஆரியபடர் தம் நூலை எழுதிய 499-ஆம் ஆண்டுக்கு அடுத்த நூற்றாண்டு. ஒரு கடிகாரத்தின் ஓட்டத்தைக் கொண்டே அதைச் சாவி கொடுத்து வைத்த காலத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது எத்தனை விசித்திரமானது! நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: நம் ஆண்டு பருவத்தை அளக்க ஏற்பட்டதன்று, சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்பும் காலத்தை அளக்க ஏற்பட்டது. அந்த அளவில் பார்த்தால் ஒரு நாள் பிழை சேர 400 ஆண்டுக்கு மேல் ஆகும். அந்தச் சிறு பிழையையும் பொறுக்காதவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்து, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த அவர், கருவிகளால் கண்ட கிரக நிலைகளைக் கொண்டு திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சனிப்பெயர்ச்சி வரும்போதெல்லாம் இரண்டு தேதிகள் சொல்லப்படுவதை யாவரும் அறிவர்.

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். திருமுதுகுன்றமென்றும் பழமலையென்றும் பெயர்கொண்ட அவ்வூரின் புராணத்திலேயே அளவையைப் பற்றிய கதை ஒன்று உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூரில் கமலாலயத் திருக்குளத்திலே எடுத்தார் என்பது யாவரும் அறிந்த கதை. ஆற்றில் இடுவதற்கு முன் அவர் அந்தப் பொன்னிலிருந்து மாதிரித் துண்டாக மச்சம் வெட்டி வைத்துக்கொண்டதும், குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்க மாற்றுக் குறைந்திருந்ததும், பிறகு பாடியே மாற்றை உயர்த்திக்கொண்டதும் பலருடைய நினைவில் தங்குவதில்லை. திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார். ஆண்டவன் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வெட்டி வைத்த பக்தரின் முன்யோசனை, பிற்காலத்தில் விருத்தாசலத்தில் ஏற்பட்ட தொழிலுக்கு மிகவும் வேண்டியதாயிற்று.

நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, கரியை மூடிக்கிடந்த மண்ணை அகற்றியபோது வெள்ளைக் களிமண்ணும் வெளிப்பட்டது. அருகிலேயே ரயில் சந்திப்பாக இருந்த விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றி, தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமா அளிக்கும் அரசுப் பயிலகமும் ஏற்பட்டன. ஊரார் எல்லாவற்றையும் சேர்த்துச் செராமிக் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பொம்மையும் தேநீர்க் கோப்பையும் அகல் விளக்கும் ஒருபுறமிருக்க, மின்சாரத் துறைக்கு வேண்டிய இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர் முதலியவையும் இத்தொழிலில் அடங்கும்.

ஈர மண் காயும்போது ஒரு முறை சுருங்குகிறது. சூளையில் வேகும்போது மறுமுறை சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். சுட்ட பின் 88 மில்லிமீட்டர் நீளம் இருக்கவேண்டிய ஒரு ஃபியூஸ் கேரியருக்கு அச்சு எவ்வளவு நீளம் வெட்டுவது? புதிதாக வேலைக்கு வந்தவர் 88-க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்டி 98.56 என்பார். அந்த அச்சில் வார்த்து, காயவைத்து, சுட்டு எடுத்தால் கைக்கு வருவது 86.73 மில்லிமீட்டர், பித்தளைத் தகடு பொருந்தாமல் நிற்கும். ஏனென்றால் மண் சுருங்குவது தன் ஈர நிலையின் நீளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு. சுட்ட நீளத்தில் அன்று. 88-ஐ 0.88-ஆல் வகுத்து அச்சை 100 மில்லிமீட்டராக வெட்டுவதே முறை. பிழையான கடிகாரத்தின் 29 மணியை உண்மையான 29 மணியாக எடுத்துக்கொண்ட பிள்ளையும் இந்தப் புதிய தொழிலாளியும் செய்த தவறு ஒன்றேதான். வித்தியாசம் விளைவில் இருக்கிறது. முந்தும் விகிதம் பெருகப் பெருக இந்தத் தவறு அதன் வர்க்கமாகப் பெருகும். கடிகாரத்தின் விகிதம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையாதலால் தவறு ஐந்து விநாடியில் அடங்கிற்று, மண்ணின் விகிதம் பன்னிரண்டாதலால் தவறு ஒரு மில்லிமீட்டரையும் தாண்டிவிட்டது. சிவப்பு மை கொண்டு அடித்த உபாத்தியாயரைக் கொடியவர் என்று சொன்னவர்கள் தொழிற்பேட்டையில் ஒதுக்கிக் கொட்டப்பட்ட உடைசல் குவியலைப் பார்த்தால் தங்கள் தீர்ப்பைச் சற்று மாற்றிக்கொள்ளக்கூடும்.

புத்தகக் கணக்கு எல்லாவற்றிலும், கேட்டும் கேளாததுபோல் நாம் கடந்துபோகும் ஒரு நிபந்தனை இருக்கிறது: கடிகாரம் ஒரே சீராக முந்துகிறது என்பது. உண்மைக் கடிகாரம் அவ்வளவு நல்ல பிள்ளையாக நடப்பதில்லை. எஃகுத் தண்டுள்ள ஊசல் கடிகாரம், வெப்பம் செல்சியஸில் பத்துப் பாகை ஏறினால் தண்டு நீண்டு நாளுக்கு ஏறக்குறைய ஐந்து விநாடி பிந்தும். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு விகிதம், மார்கழியில் ஒரு விகிதம். இந்த நிபந்தனையை நம்பி ஏமாந்த பெரியவர் ஒருவரும் உண்டு, அவர் பீங்கான் தொழிலின் பிதாமகர்களுள் ஒருவரேயாவார். இங்கிலாந்தில் எட்ரூரியா தொழிற்சாலையை 1769-இல் திறந்து, தொழிலாளர் வரும் நேரத்தை மணியடித்துக் குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அக்காலத்திலேயே செய்த ஜோசையா வெட்ஜ்வுட், சூளையின் உட்புற வெப்பத்தை அளப்பதற்கு 1782-இல் ஓர் உபாயம் கண்டார். குறித்த அளவுள்ள சிறு களிமண் துண்டைச் சூளைக்குள் போட்டு வெளியே எடுத்து, குறுகிக்கொண்டே செல்லும் ஒரு பள்ளத்தில் ஓடவிட்டு, அது எவ்வளவு தூரம் நுழைகிறதென்று பார்த்துச் சுருக்கத்தையே வெப்பமானியாக்கினார். ஒரே சீராகச் சுருங்குகிறது என்று எடுத்துக்கொண்டு தம் ஒரு பாகைக்கு ஃபாரன்ஹீட்டில் 130 பாகை என்று வைத்ததனால், வார்ப்பிரும்பு உருகுவதற்கு 17,977 பாகை வேண்டுமென்று அவர் கணக்குச் சொல்லிற்று. உண்மையில் அது 2,200 பாகையை ஒட்டியே உருகிவிடும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. களிமண்தான் ஒரே சீராகச் சுருங்க மறுத்துவிட்டது. நூறாண்டு கழித்து 1886-இல் ஜெர்மானியரான ஹெர்மன் சேகர், குறித்த வெப்ப நிலையில் தலைசாயும் கூம்புகளைச் செய்தார். அவை எண்ணைக் கணக்கிடுவதில்லை. வெப்பமும் அது நீடித்த நேரமும் சேர்ந்து மண்ணை எந்த அளவுக்குப் பக்குவப்படுத்தின என்பதைச் சாய்ந்து காட்டிவிடுகின்றன. அவசரமாக ஏற்றிய சூளையில் கூம்பு சற்று அதிக வெப்பத்தில்தான் சாயும்.

அச்சில் மண்குழம்பு வார்க்கும் இடத்திலும் இதே கதைதான். பிளாஸ்டர் அச்சுக்குள் குழம்பை ஊற்றியவுடன் அச்சு தண்ணீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து தோலாகிறது. வேண்டிய கனம் ஏறியதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் மூன்று மில்லிமீட்டர் ஏறிற்றே, இருபது நிமிஷத்தில் ஆறு ஏறும் என்று திரைராசிகம் போட்டால் ஏமாற்றந்தான். படிந்த தோலே தண்ணீருக்குத் தடையாகிவிடுவதால், இரு மடங்கு கனத்துக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். வார்ப்பவர் கடிகாரத்தையும் பார்க்கிறார். அச்சின் வாயில் ஏறிய தோலின் ஓரத்தைக் கத்தியால் கீறியும் பார்க்கிறார்.

இன்று கடிகாரக் கணக்கு பள்ளிப் புத்தகத்தைவிட ரயில்வேத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்களின் கையேடுகளில்தான் செழித்திருக்கிறது. முட்கள் இரண்டும் 65 5/11 நிமிஷத்துக்கு ஒரு முறை சேர வேண்டியிருக்க, ஒரு கடிகாரத்தில் உண்மையான 65 நிமிஷத்துக்கு ஒரு முறை சேருகின்றன. அது நாளொன்றுக்கு எவ்வளவு முந்துகிறது? இருபது விநாடியில் விடை குறிக்கச் சொல்லிக்கொடுக்கும் சூத்திரங்கள் இருக்கின்றன. விடை 10 10/143 நிமிஷம். சூத்திரத்தால் விடை கிடைக்கிறது, அந்த 5/11 நிமிஷம் எந்த 65 நிமிஷத்தின் மேல் கூடிற்று என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

பீங்கான் பயிலகத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. புதிய மண் வந்தால் முதலில் அதில் ஒரு சோதனைக் கட்டி செய்து, ஈரமாயிருக்கும்போதே அதன்மேல் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடு கீறி வைப்பது இத்தொழிலின் பொது வழக்கம். காய்ந்த பின் ஒரு முறை, சுட்ட பின் ஒரு முறை கோட்டை அளந்து குறிக்க வேண்டும். காய்ந்ததில் 94 என்று வந்து, அந்த 94-இல் நூற்றுக்கு ஆறு மறுபடியும் சூளையில் குறைந்தால், மிஞ்சுவது 88.36, மொத்தச் சுருக்கம் 11.64, பன்னிரண்டன்று. ஆகவே சதவீதத்தை எழுதும்போது அது ஈர நீளத்தின் மேலா, உலர்ந்த நீளத்தின் மேலா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அடுத்த லாரியில் வேறு குழியின் மண் வந்து இறங்கினால் இதையெல்லாம் முதலிலிருந்து செய்யவேண்டும்.